மைலேஜ் கணக்கு: நகரமும் ஹைவேயும் கலந்தால் சராசரி என்ன?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கார் நகரத்துக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஹைவேயில் 20 கொடுக்கிறது. நகரத்தில் 60 கி.மீ., ஹைவேயில் 60 கி.மீ. என்று ஒரு பயணம். மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து மைலேஜ் எவ்வளவு?

யோசிக்காமல் வாயில் வருவது 15. பத்தையும் இருபதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பதினைந்துதானே? ஆனால் பெட்ரோலை எண்ணிப் பாருங்கள். நகரத்தில் 6 லிட்டர், ஹைவேயில் 3 லிட்டர், ஆக 9 லிட்டர். 120ஐ 9ஆல் வகுத்தால் 13.33தான் வருகிறது. ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எங்கேயோ காணாமல் போய்விட்டது!

வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. புள்ளியியல் பேப்பரில் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி, இசைச் சராசரி என்று மூன்று வரும். முதலாவதை எல்லோரும் புரிந்துகொண்டு படிப்பார்கள். மூன்றாவதைச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த மூன்றாவதை அமெரிக்கா 1975ல் தன் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அப்படி எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் சட்டமே ஓட்டைப் பானையாகியிருக்கும். அந்தக் கதைதான் இது.

கார் எவ்வளவு குடிக்கிறது என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவில் பழையதுதான். 1936ல் கலிஃபோர்னியாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனி எகானமி ரன் என்று ஒரு போட்டி தொடங்கியது. பின்னாளில் மொபில் கம்பெனியின் பெயரில் பிரபலமாகி, இரண்டாம் உலகப்போர்க் காலம் நீங்கலாக 1968 வரை நடந்தது. கடையில் விற்கும் அதே காரை எடுத்துக்கொண்டு நீண்ட தூரம் போக வேண்டும், யார் குறைவான பெட்ரோலில் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஜெயித்த கம்பெனி அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும். ஓட்டியவர்கள் கைதேர்ந்த டிரைவர்கள், ஆக்ஸிலரேட்டரைப் பூ மாதிரி மிதிப்பவர்கள். அந்த எண்ணை நம்பி கார் வாங்கியவர் அந்த மைலேஜைக் கண்ணால் பார்த்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

இன்று ஷோரூம் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அரசாங்க எண் இந்தப் போட்டிகளிலிருந்து வரவில்லை. அது வந்தது புகையிலிருந்து. பெட்ரோலை மிச்சம் பிடிக்க யாரும் அதை ஆரம்பிக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1940களிலிருந்தே புகைமூட்டத்தில் தவித்தது. கண் எரியும், மலை தெரியாது. கார் புகைதான் முக்கியக் காரணம் என்று தெரிந்த பிறகு, எந்தக் கார் எவ்வளவு புகை விடுகிறது என்று அளக்க வேண்டிய அவசியம் வந்தது. அளக்க வேண்டுமானால் எல்லாக் காரையும் ஒரே மாதிரி ஓட்ட வேண்டும். அதற்காக லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் சுமார் 12 மைல் நீளத்துக்கு ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்.ஏ.4 என்று பெயர். காலை நேரத்தில் வேலைக்குப் போகும் ஒருவரின் பயணம் மாதிரி இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

1970 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (ஈ.பி.ஏ.) பிறந்தது. அதன் ஆட்கள் ஆறு பேர் ஒரு 1969 மாடல் செவர்லே காரில் இந்தப் பாதையில் ஓட்டினார்கள். ஒவ்வொரு நொடியும் என்ன வேகம் என்று பதிவானது. ஆறு பேரில் ஒருவர் மட்டும் வண்டியை ரொம்பவும் உதைத்து விரட்டியதால் அவருடைய பதிவைத் தள்ளிவிட்டார்கள். (எந்த ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார் போலிருக்கிறது.) மற்ற ஐந்தில் சராசரிக்கு மிக அருகில் இருந்த ஒரு பதிவை எடுத்து, வெட்டிச் சுருக்கி, ஏழரை மைல் ஆக்கினார்கள். மொத்தம் 1372 நொடி. சராசரி வேகம் மணிக்கு 19.6 மைல், அதாவது ஏறக்குறைய 31 கி.மீ.

இப்படி ஒரு டிரைவர் ஒரு நாள் ஓட்டியது ஒரு தேசத்தின் "நகர ஓட்டம்" ஆகிவிட்டது. அந்த வரைபடத்தில்கூட ஒரு திருத்தம் உண்டு. பரிசோதனைச் சாலையில் கார் நகராது. சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுவார்கள். அந்தக் காலத்து உருளை இயந்திரங்களால் வேகமான கிளம்பலைத் தாங்க முடியாது என்பதால், நொடிக்கு 3.3 மைல் வேகத்துக்கு மேல் கூடிய இடங்களையெல்லாம் மழுக்கிவிட்டார்கள். மனிதன் மிதித்த மிதியை இயந்திரத்துக்காகக் குறைத்தார்கள் என்று சொல்லலாம். பல வருடம் கழித்து வந்த வம்புக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, புகையை அளந்தால் மைலேஜ் எப்படி வரும்? இங்கேதான் ஒரு அழகான கணக்கு. பெட்ரோலில் இருக்கும் கார்பன் எங்கேயும் ஓடிவிட முடியாது. புகைக்குழாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒன்று கார்பன் டையாக்ஸைடாக வரும், அல்லது கார்பன் மோனாக்ஸைடாக, இல்லையென்றால் எரியாத ஹைட்ரோகார்பனாக. புகையைப் பையில் பிடித்து இந்த மூன்றிலும் உள்ள கார்பனைக் கூட்டினால் எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று சொல்லிவிடலாம். டேங்கைத் திறந்து பார்க்கவே வேண்டாம். கடையில் சரக்கை எண்ணாமல் கல்லாவை எண்ணி விற்பனையைக் கண்டுபிடிப்பது போல. புகைக்காக எடுத்த அளவிலேயே மைலேஜும் இலவச இணைப்பாகக் கிடைத்துவிட்டது.

1973 அக்டோபரில் நிலைமை தலைகீழானது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மாட்டோம் என்று நிறுத்தின. பேரலுக்கு சுமார் 3 டாலராக இருந்த விலை, சில மாதங்களில் கிட்டத்தட்ட 12 டாலர் ஆனது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை. 1974 ஜனவரி 2ஆம் தேதி அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தால் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் வேக வரம்பு வந்தது. அன்றைக்கு அமெரிக்காவின் புதுக் கார்கள் ஒரு கேலனுக்கு 13, 14 மைல் அளவில்தான் ஓடின. (அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். மைல்/கேலன் எண்ணை 0.425ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய கி.மீ./லிட்டர் வந்துவிடும். 14 என்பது 6 கி.மீ. கூட இல்லை!)

மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: எந்தக் கார் எவ்வளவு கொடுக்கும்? ஈ.பி.ஏ. கையில் இருந்தது நகர ஓட்டம் மட்டும்தான். எனவே 1975 மாடல் கார்களுக்காக ஹைவே ஓட்டம் ஒன்றையும் உருவாக்கினார்கள். 10.26 மைல், 765 நொடி, சராசரி 48 மைல், உச்ச வேகம் 60 மைல். 55 மைல் வரம்பு இருந்த நாட்டில் இது நியாயமான வேகம்தான்.

ஆக இரண்டு எண்கள் வந்தன. ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்றால்? யாரும் முழுக்க நகரத்திலும் ஓட்டுவதில்லை, முழுக்க ஹைவேயிலும் ஓட்டுவதில்லை. அன்றைய அமெரிக்கக் கார்கள் ஓடிய மொத்தத் தூரத்தில் நகரப் பங்கு 55 சதவீதம், வெளியூர்ப் பங்கு 45 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இது தூரத்தின் பங்கு, நேரத்தின் பங்கு அல்ல. ஆகவே நகரத்தில் 24, ஹைவேயில் 36 கொடுக்கும் காருக்குக் கணக்கு இப்படிப் போகும்: 100 மைலில் 55 மைல் நகரம், அதற்கு 2.29 கேலன். 45 மைல் ஹைவே, அதற்கு 1.25 கேலன். மொத்தம் 3.54. நூறை 3.54ஆல் வகுத்தால் 28.2. நேரடியாக 24இன் 55 சதவீதத்தையும் 36இன் 45 சதவீதத்தையும் கூட்டியிருந்தால் 29.4 வந்திருக்கும். கார்க்காரனுக்குச் சந்தோஷமான எண், ஆனால் பொய்யான எண்.

ஒரு மைல் சொச்சத்துக்கு இவ்வளவு பேச்சா என்கிறீர்களா? அடுத்த கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது.

1975 டிசம்பர் 22 அன்று அதிபர் ஃபோர்டு எரிசக்திக் கொள்கை மற்றும் சேமிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி ஒவ்வொரு கார் கம்பெனியும், ஒரு வருடத்தில் தான் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி மைலேஜை ஒரு அளவுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். 1978 மாடலுக்கு 18 மைல், 1985க்கு 27.5 மைல். சுருக்கமாக கஃபே என்பார்கள் (காபிக் கடை இல்லை :-) ). குறைந்தால் அபராதம். ஒவ்வொரு 0.1 மைல் குறைவுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டாலர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு மைல் குறைந்தால் காருக்கு 50 டாலர், பத்து லட்சம் கார் விற்றால் 5 கோடி டாலர்.

இங்கே "சராசரி" என்றால் எந்தச் சராசரி? சட்டம் எழுதியவர்கள் கூட்டுச் சராசரி என்று போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் பாருங்கள். ஒரு கம்பெனி கேலனுக்கு 10 மைல் கொடுக்கும் பெரிய கார் ஒன்றும், 45 மைல் கொடுக்கும் சின்னக் கார் ஒன்றும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டி இரண்டால் வகுத்தால் மிகச் சரியாக 27.5. சட்டப்படி பாஸ்! ஆனால் இரண்டும் வருடத்துக்கு 10,000 மைல் ஓடினால் பெரியது 1000 கேலன் குடிக்கும், சின்னது 222. மொத்தம் 1222. இரண்டு காருமே உண்மையில் 27.5 கொடுத்திருந்தால் மொத்தச் செலவு 727 கேலன்தான். அதாவது சட்டத்தை மீறாமலே, சட்டம் அனுமதித்ததைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக எரித்திருக்கலாம். பாதிக் கஷ்டம்கூடப் படாமல் பெரிய கார்களை அப்படியே விற்றுக்கொண்டு, பக்கத்தில் ஒரு பொம்மைக் காரை வைத்துக் கணக்கை நேர் செய்திருக்கலாம்.

சட்டம் அப்படி எழுதப்படவில்லை. மொத்தக் கார்களின் எண்ணிக்கையை, ஒவ்வொரு மாடலின் எண்ணிக்கையையும் அதன் மைலேஜால் வகுத்து வரும் தொகைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும் என்று சொன்னது. படிக்கத் தலை சுற்றும். ஆனால் இது அச்சு அசல் இசைச் சராசரி. மேலே சொன்ன கம்பெனிக்கு இந்தக் கணக்கில் 16.4தான் வரும், அபராதம் உறுதி. பெயர் தெரியாத யாரோ ஒரு அதிகாரியோ கமிட்டி உதவியாளரோ சரியான வகுத்தலைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்கு ஒரு சிலை வைத்தாலும் தகும்.

புத்திசாலித்தனமாக அடைத்த இந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கதவைத் திறந்து வைத்ததுதான் சோகம். சிறிய லாரி வகை வண்டிகளுக்குத் தனிக் கணக்கு, தனி வரம்பு, அதுவும் குறைவு. 1990களின் நடுவிலிருந்து 2004 வரை அது வெறும் 20.7 மைல். எஸ்.யு.வி.க்கள் இந்த வகையில்தான் சேர்ந்தன. குடும்பங்கள் கார் வாங்குவதை விட்டு எஸ்.யு.வி. வாங்க ஆரம்பித்ததும், பெரியதும் சிறியதும் ஒரே தராசில் ஏறவே இல்லை. கார்களுக்கான 27.5ஐயும் 1990 முதல் 2010 வரை இருபது வருடம் யாரும் அசைக்கவில்லை.

இன்னொரு பக்கம், லேபிளைப் பார்த்துக் கார் வாங்கியவர்கள் புலம்ப ஆரம்பித்திருந்தார்கள். டேங்கை ரொப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை ரொப்பும்போது போட்ட பெட்ரோலால் வகுத்துப் பார்த்தால் (இன்றுவரை ஒரு சாதாரண ஆள் செய்யக்கூடிய நேர்மையான கணக்கு இதுதான்) லேபிள் சொன்னது வரவே இல்லை. ஏன் வரும்? பரிசோதனைக் கூடத்தில் ஏ.சி. கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, யாரும் உதைத்து மிதிப்பதும் கிடையாது. உங்கள் மைலேஜ் மாறலாம் என்ற எச்சரிக்கை வாசகம் ஆங்கிலத்தில் பழமொழி மாதிரியே ஆகிவிட்டது.

1984ல் ஈ.பி.ஏ. இதற்கு ஒரு எளிய வைத்தியம் செய்தது. உண்மையில் ஓடிய வண்டிகளின் விவரங்களைப் பார்த்து, 1985 மாடல் முதல் நகர எண்ணில் 10 சதவீதமும் ஹைவே எண்ணில் 22 சதவீதமும் கழித்துவிட்டு லேபிளில் போட்டார்கள். கூடத்தில் 30, 40 வந்த கார், ஷோரூமில் 27, 31 ஆனது. கம்பெனிக்கு அபராதம் கணக்கிட மட்டும் கழிக்காத பழைய எண்ணே தொடர்ந்தது. ஏனென்றால் 1975 மாடலுக்குப் பின்பற்றிய முறையிலேயே, அல்லது அதற்கு இணையான விடை தரும் முறையிலேயே, கார்களை அளக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது! இன்றும் ஒரே அமெரிக்கக் காருக்கு இரண்டு மைலேஜ் உண்டு, அரசாங்கத்துக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று. கம்பெனிக் கணக்குக்கும் வரிக் கணக்குக்கும் தனித்தனி லாபம் இருப்பதைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

சாலைகளோ மாறிக்கொண்டே இருந்தன. 55 மைல் வரம்பு 1987ல் தளர்ந்து 1995ல் ஒழிந்தது. பரிசோதனை மட்டும் 60 மைலைத் தாண்டவில்லை. 2006 டிசம்பரில் புது விதி வந்து, 2008 மாடலிலிருந்து மேலும் மூன்று ஓட்டங்களைச் சேர்த்தார்கள்: 80 மைல் வரை விரட்டும் ஓட்டம், 35 டிகிரி வெயிலில் ஏ.சி. போட்ட ஓட்டம், மைனஸ் 7 டிகிரி குளிரில் ஒரு ஓட்டம். லேபிளில் நகர எண் சராசரியாக 12 சதவீதமும் ஹைவே எண் 8 சதவீதமும் இறங்கின. ஆனால் கார்கள் அதேதான். முதல் நாள் நின்ற கார் மறுநாள் குறைவாக ஓடுவதாக லேபிள் சொன்னது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஈ.பி.ஏ.யே அளப்பதில்லை. பெரும்பாலான பரிசோதனைகளைக் கம்பெனிகளே செய்து எண்ணைக் கொடுக்கும், மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் உள்ள அரசுக் கூடம் சிலவற்றை மட்டும் சரிபார்க்கும். உருளைகள் எவ்வளவு எதிர்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, காரை வேகமாக ஓட்டி நியூட்ரலில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று முதலில் பார்ப்பார்கள். அந்த அளவிலேயே தவறு இருந்ததால் 2012 நவம்பரில் ஹூண்டாயும் கியாவும் 2011 முதல் 2013 வரையிலான மாடல்களில் சுமார் 9 லட்சம் வண்டிகளின் மைலேஜைக் குறைத்து அறிவிக்க வேண்டி வந்தது. 2014ல் 10 கோடி டாலர் அபராதம். 2013ல் ஃபோர்டு தன் சி-மேக்ஸ் ஹைப்ரிட்டின் எண்ணை 47லிருந்து 43க்கு இறக்கியது. அங்கே காரணம் வேறு. அதே இன்ஜின் போட்ட இன்னொரு காரின் எண்ணை இதற்கும் போட்டுக்கொள்ள விதியே இடம் கொடுத்திருந்தது.

மீண்டும் அந்த 10, 20 காருக்கு வருவோம். பாதி நகரம், பாதி ஹைவே என்று ஒருவர் சொன்னால் எதில் பாதி என்று கேட்க வேண்டும். தூரத்தில் பாதி என்றால் 13.33, மேலே பார்த்தோம். நேரத்தில் பாதி என்றால்? நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 20 கி.மீ., ஹைவேயில் ஒரு மணி நேரத்தில் 80 கி.மீ. போனால், 2 லிட்டரும் 4 லிட்டரும் சேர்ந்து 6 லிட்டர், 100 கி.மீ., மைலேஜ் 16.67. பெட்ரோலில் பாதி என்றால்? நகரத்தில் 5 லிட்டர், ஹைவேயில் 5 லிட்டர். 50ம் 100ம் சேர்ந்து 150 கி.மீ., 10 லிட்டர். இப்போது மட்டும்தான் அந்தப் பிரபலமான 15 வருகிறது! ஆனால் பெட்ரோலைச் சரிபாதியாகப் பிரித்துப் பயணம் போகிறவர் யார்?

தலைகீழான அளவு என்பதால்தான் இத்தனை குழப்பமும். 2008ல் லாரிக், சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். மைலேஜ் எண்ணைப் பார்த்து மக்கள் மிச்சத்தைத் தவறாக மதிப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். நம் அளவில் சொன்னால்: வருடம் 12,000 கி.மீ. ஓடும் ஒருவர் 6 கொடுக்கும் வண்டியை விட்டு 8 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் 500 லிட்டர் மிச்சம். இன்னொருவர் 15ஐ விட்டு 25க்கு மாறினால் மிச்சம் 320 லிட்டர்தான். ஊர் கைதட்டுவது இரண்டாமவருக்கு.

ஐரோப்பாவில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் நம் காரின் நகரக் கணக்கு 10 லிட்டர், ஹைவேக் கணக்கு 5 லிட்டர். சம தூரம் என்றால் கூட்டி இரண்டால் வகுத்து 7.5 லிட்டர், அதுவே சரியான விடை. இசைச் சராசரி தேவையே இல்லை. அமெரிக்காவும் 2011ல் விதியை மாற்றி, 2013 மாடல் முதல் லேபிளில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்ற எண்ணையும் சேர்த்துப் போடச் சொன்னது. பெரிய எழுத்தில் இருப்பது இன்றும் மைல்/கேலன்தான். அதன் கீழே சின்னதாக இந்த எண். 1975ல் வைத்த அபராதத்தை 2025 ஜூலையில் வந்த சட்டம் பூஜ்யமாக்கிவிட்டது. வகுத்தல் முறை மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.